உங்களுக்குத் தெரியுமா? செம்புக்கு இடம் பார்த்து வரம்பு

கலிஃபோர்னியாவின் உப்புநீரில் கரைந்த செம்பு, நீண்டகால அளவில், லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடிக்கோ அந்த வரம்பு 6.9!

காரணம் நீரிலேயே இருக்கிறது. தனி அயனியாகத் திரியும் செம்புதான் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. மட்கிய தாவரங்களிலிருந்தும் பாசியிலிருந்தும் கரைந்துவரும் கரிமப் பொருள் அந்த அயனியைப் பிடித்து வைத்துக்கொண்டால் நஞ்சின் வீரியம் தணிந்துவிடும். எவ்வளவு தணிகிறது என்று எப்படி அறிவது? விரிகுடா நீரிலும் ஆய்வக நீரிலும் வெவ்வேறு அளவில் செம்பைக் கலந்து, ஆளிச் சிப்பியின் கருக்களை விடுகிறார்கள். இரண்டே நாளில், ஓடு சரியாக உருவாகாத குஞ்சுகள் விடை சொல்லிவிடும். இரு நீரிலும் பாதிக் கருக்கள் பாதிக்கப்படும் அளவுகளின் விகிதமே பொது வரம்பைத் திருத்தும் எண். மிக நேர்மையான முறை என்பேன்: தீர்ப்பை அந்த உயிர்களே தருகின்றன.

வரம்பு உயர்ந்தாலும் செம்பை இஷ்டம்போல் கொட்ட அனுமதியில்லை. பிரேக் பேடு தேய்ந்து உதிரும் செம்புத்தூள் மழைநீரோடு ஓடிவந்து சேர்வதைக் குறைக்கவே அம்மாநிலம் 2010-இல் தனிச் சட்டம் இயற்றியது.