நிற்கத் தெரியாத சைக்கிள்

1930களில் அமெரிக்க இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டுகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, வேகம் கூட்டினார்கள். அந்த ‘ஹாட் ராட்’ மோகத்துக்கு நம் நாட்டில் ஒரு தம்பி உண்டு: பாசிக்கால் லாஜாக். ஹேண்டிலைத் தாழ்த்தி, பிரேக்கையும் கழற்றிவிட்ட பழைய சைக்கிள். மாணவர்களே, பாச்சாங் பக்கம் நீங்களும் பார்த்திருக்கலாம்.

அதன்மேல் குப்புறப் படுத்து மேட்டிலிருந்து இறங்குவார்கள். படுப்பதிலும் அறிவியல் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். படுத்தால் காற்றில் மோதும் பரப்பு குறையும். செய்தவனின் கைத்திறனை நான் குறை சொல்லமாட்டேன். சிக்கல் நிறுத்துவதில்.

10 மீட்டர் உயர மேட்டிலிருந்து மிதிக்காமல் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டால், அடிவாரத்தில் வேகம் வினாடிக்கு 14 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர். (ஒல்லியானவனுக்கும் பருமனானவனுக்கும் இதே விடைதான்.) பிரேக், ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் 5 மீட்டரைக் குறைத்தால், 20 மீட்டரில் நின்றுவிடலாம். செருப்பைத் தரையில் தேய்த்து 1 மீட்டர்தான் குறைக்க முடிகிறது என்றால்? 98 மீட்டர் ஓடும். அதற்குள் சாலைச் சந்திப்பு வந்துவிடும்.

இருட்டில் தாழப் படுத்து வருபவனைக் கார் ஓட்டுநர் பார்ப்பதும் கடினம். 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜொகூர் பாருவில் இத்தகைய சைக்கிள்களில் கூடியிருந்த பதின்ம வயதினர்மீது கார் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள்.

சைக்கிளை மாற்றியமைக்க ஆசையா? இரண்டு பிரேக்குகளையும் விட்டுவையுங்கள். பள்ளித் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அங்கே பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். பிறகு இரு மடங்கு வேகத்தில் ஒருமுறை அளங்கள்.