நீண்ட கை

உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ உங்கள் இல்லத்துப் பழைய பெட்டியைத் திறந்தால், பாட்டியார் பூத்தையல் போட்ட தலையணை உறை ஒன்றேனும் கிடைக்கக் கூடும். அதற்குக் கூலி என்ற பேச்சே எழுந்திராது.

தம் துணைவியருள் நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அன்னையர் தத்தம் கைகளை அளந்து பார்த்தார்களாம். ஹிஜ்ரி 20இல் அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான் பொருள் விளங்கிற்று. தம் கையால் உழைத்து, வருவாயை ஏழைகளுக்கு ஈந்த கை அது.

அத்தகைய உழைக்கும் கைகளுக்காகத் தம் ஓவியக் கலையைச் செலவிட்டவர் லைலா தையப்ஜி. 1887இல் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தையப்ஜியின் வழித்தோன்றல். 1947இல் டில்லியில் பிறந்தவர். பரோடாவில் ஓவியமும், ஜப்பானில் டோஷி யோஷிதாவிடம் அச்சோவியமும் பயின்று, வரைகலை, மேடை அலங்காரம், ஆடை வடிவமைப்பு எனப் பல துறைகளில் பணியாற்றினார். 1978இல் கட்ச் கைவினைஞரிடையே தங்கியது அவர் பாதையை மாற்றிற்று. 1981இல் வேறு ஐந்து பெண்மணிகளுடன் ‘தஸ்த்கார்’ அமைப்பைத் தொடங்கினார். கைவினைஞர் என்பதே அச்சொல்லின் பொருள்.

லக்னோவின் சிக்கன் தையலை அறிவீர்கள். மெல்லிய துணியில் வெண்ணிற நூலால் பூ வேலை. ‘பக்கியா’ முறையில் நூல் துணியின் பின்புறம் ஓட, முன்புறம் அதன் நிழல் மட்டும் தெரியும். ‘ஜாலி’யிலோ, துணியின் ஓரிழையையும் வெட்டாமல் விலக்கியே வலைக்கண் அமைப்பர். இத்துணை நுட்பம் கைவரப்பெற்றவர்கள் பெரும்பாலும் கோஷாவில் இருந்த நம் சமுதாயப் பெண்கள். துணியை வீட்டு வாசலில் தந்து செல்லும் தரகர் கொடுத்ததே கூலி, அதுவும் சொற்பம். விலை மலிய மலியத் தையலும் முரடாயிற்று.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. கல்யாண ரவிக்கையை ஆரி வேலைக்குக் கொடுத்துவிட்டு, “பெருநாள் கழியட்டும், தருகிறோம்” என்று நாம் சொல்வதில்லையா? தரகரை மட்டும் ஏசிப் பயனில்லை.

1984இல் லக்னோவில் தோன்றிய ‘சேவா’ அமைப்பின் சிக்கன் பெண்களோடு லைலா அமர்ந்தார். மறந்துபோன பழைய தையல்களையும் பூ வடிவங்களையும் மீட்டு, இக்கால ஆடைகளுக்கு ஏற்ப அமைக்கத் துணைநின்றார். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முன்னர் வீட்டைத் தாண்டியறியாத அப்பெண்களோ, ரயிலேறி வெளியூர்க் கடைவீதிகளுக்குச் சென்று, தாம் தைத்த குர்த்தாவுக்குத் தாமே விலை சொன்னார்கள்.