உயிர் காத்த லெட்டர்பேட் கம்பெனி!

'லெட்டர்பேட் கம்பெனி' என்றால் உங்களுக்கே தெரியும். ஆபீஸ் இருக்காது, ஆள் இருக்காது, சரக்கு இருக்காது. அச்சடித்த பேப்பர் மட்டும் பளபளவென்று இருக்கும். அடுத்த மாதமே முதலாளி வீட்டு வாசலில் பணம் கட்டியவர்கள் கூட்டம் நிற்கும். முதலாளி இருக்க மாட்டார்!

1938-ல் ஒரு பஞ்சாபி வியாபாரியும் இதே வேலையைத்தான் செய்தார். இல்லாத கம்பெனியில், இல்லாத உத்தியோகத்துக்கு ஆள் எடுத்தார். ஏமாந்தது, விசா கொடுத்த ஆபீஸ். பிழைத்தது, ஐந்து யூதக் குடும்பங்கள்.

அவர் பெயர் குந்தன்லால். ஊர் லூதியானா.

சேலம் சூரமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு லூதியானாக்காரரைப் பற்றி உனக்கென்னய்யா ஆராய்ச்சி என்று கேட்கலாம். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் முதலாளிகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். லேத் பட்டறை, கொலுசுப் பட்டறை, தறி என்று எதையாவது ஒன்றை ஆரம்பித்துவிட்டு, அது ஓடுகிறதோ இல்லையோ, அடுத்ததற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நிற்பார்களே, அந்த ரகம். குந்தன்லால் மரம் விற்றார், உப்பு விற்றார், மாட்டு வண்டிச் சக்கரம் விற்றார். தீப்பெட்டித் தொழிற்சாலையும் நடத்தினார். நடுவில் கிடைத்த சர்க்கார் உத்தியோகத்தை, சுதந்திரப் போராட்டத்துக்காக உதறிவிட்டு வந்தவர்.

இவருக்கு வியன்னாவில் என்ன வேலை? வைத்தியம். சர்க்கரை வியாதி, கூடவே மூலம். ஆக, ஐந்து குடும்பங்கள் பிழைத்ததற்கு மூல காரணம் மூலம்தான்!

சிரித்தாயிற்றா? இனி சிரிக்க முடியாத பகுதி.

1938 மார்ச்சில் ஹிட்லரின் ராணுவம் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. நேற்று வரை வக்கீல், டாக்டர், புரொபசர் என்று மரியாதையோடு வாழ்ந்த யூதர்களை வியன்னா தெருக்களில் மண்டி போட வைத்துத் தரையைத் தேய்க்கச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தார் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

'ஓடிப் போக வேண்டியதுதானே?' ஓடலாம். எங்கே? அந்த ஜூலையில் பிரான்ஸ் நாட்டின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபத்துக்குக் குறைவே இல்லை. இடம் கொடுக்கத்தான் ஆளில்லை. 'எங்களிடம் வரலாம்' என்று வாய் திறந்தது டொமினிக்கன் குடியரசு என்ற குட்டி நாடு மட்டும்தான்.

பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வரலாமா? வரலாம். ஆனால், 'இவருக்கு வேலை இருக்கிறது, இவர் சர்க்காருக்குப் பாரமாக மாட்டார்' என்று யாராவது உத்தரவாதம் தர வேண்டும்.

இங்கேதான் நம்ம ஆள் வருகிறார்.

அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ப்ரிட்ஸ் வைஸ் என்ற வக்கீலும் இருந்தார். வியாதி எதுவும் கிடையாது. நாஜிகளிடமிருந்து தப்பிக்க, நோயாளி வேஷத்தில் ஒளிந்திருந்தார். தன் வீட்டு வாசல் தெருவையே சுத்தம் செய்ய வைக்கப்பட்டவர் அவர். அதே ஆஸ்பத்திரிக்கு, மாசமாக இருந்த மனைவி லூசியைக் கூட்டிக்கொண்டு வந்தார் ஆல்ஃப்ரெட் வாக்ஸ்லர் என்ற மரவேலைக்காரர்.

வக்கீலுக்குக் 'குந்தன் ஏஜென்சீஸ்' என்ற கம்பெனியில் வேலை என்று ஆர்டர் கொடுத்தார் குந்தன்லால். அப்படி ஒரு கம்பெனியே கிடையாது! வாக்ஸ்லருக்கு, 'லூதியானா வா, ஃபர்னிச்சர் தொழில் செய்யலாம்' என்று வாக்குக் கொடுத்தார். அதோடு விட்டாரா? தொழில் தெரிந்த ஆட்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரமும் கொடுத்தார். அதைப் பார்த்து வந்த ஹான்ஸ் லோஷ் என்ற துணித் தொழில் நிபுணருக்கு, 'குந்தன் கிளாத் மில்ஸ்' மானேஜர் பதவி. மில்? அதுவும் பேப்பரில்தான். ப்ளைவுட் தெரிந்த ஆல்ஃப்ரெட் ஷாஃப்ரானெக், மெஷின் வியாபாரி சீக்மண்ட் ரெட்டர் என்று பட்டியல் நீண்டது. 1939 தொடக்கத்துக்குள் ஐந்து குடும்பங்களும் இந்தியா வந்து சேர்ந்தன.

இதைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் சொன்னேன். "ஏனுங்க, ஜாமீன் கையெழுத்துன்னாலே நமக்கு வயித்தைக் கலக்குது. ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் ஆர்டர் அடிச்சுக் குடுத்தாராமா?" என்றார். நியாயமான கேள்வி. 'யாருக்கும் ஜாமீன் போகாதே' என்று நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்!

வந்தவர்கள் எல்லோரும் சினிமா மாதிரி காலில் விழுந்து கண்ணீர் விட்டார்களா? இல்லை. வியன்னாவில் வாழ்ந்தவர்களுக்கு லூதியானா சரிப்படவில்லை. வெயில், பாஷை, பேச்சுத் துணைக்குச் சொந்த ஜனமில்லாத தனிமை. வைஸும் லோஷும் சீக்கிரமே பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார்கள். குந்தன்லால் கோபப்படவில்லை. அவர்கள் பழகிய வசதியைச் செய்து கொடுக்க முடியவில்லையே என்று அவர்தான் சங்கடப்பட்டாராம். வாக்ஸ்லர் தங்கி, உள்ளூர் சீக்கியத் தொழிலாளர்களோடு பர்மா தேக்கில் அழகழகாக ஃபர்னிச்சர் செய்தார்.

பிறகு வந்தது உலக யுத்தம். ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவர்களை, பிரிட்டிஷ் சர்க்கார் 'எதிரி நாட்டார்' என்று முத்திரை குத்தி, பூனாவுக்குப் பக்கத்தில் புரந்தர் முகாமில் அடைத்தது! விடுதலைக்கு வழி? மறுபடியும் ஒரு வேலை ஆர்டர். ஷாஃப்ரானெக்குக்கு அது பெங்களூரில் ஒரு ப்ளைவுட் கம்பெனியிலிருந்து கிடைத்தது. வாக்ஸ்லருக்குக் கராச்சியிலிருந்து.

அதே 1938-ல், அதே வியன்னாவில் சீனத் தூதரக அதிகாரி ஹோ ஃபெங் ஷான், ஷாங்காய் போக ஆயிரக்கணக்கான யூதர்களுக்கு விசா எழுதிக் கொடுத்தார். அவரும் தம்பட்டம் அடிக்கவில்லை. 1997-ல் அவர் காலமான பிறகு, 2000-ல்தான் இஸ்ரேல் அவரைக் கௌரவித்தது. காகிதம் கிடைக்காதவர்கள் கதை வேறு. ஆஸ்திரிய யூதர்களில் மட்டும் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள்.

காகிதத்தின் அருமை நமக்குப் புரியாது. ரேஷன் கார்டில் பெயர் தப்பானாலே தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடந்து அலுத்துக்கொள்கிற ஜாதி நாம். எங்கள் சேலம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பிள்ளைகள், இங்கேயே பிறந்து இங்கேயே படித்தும், 'நான் இந்த ஊர்க்காரன்' என்று சொல்ல ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், ஒரு கையெழுத்தின் எடை என்னவென்று.

குந்தன்லால் 1966-ல் காலமானார். அதுவரை ஊரில் பெருமை பேசவில்லை. குடும்பத்துக்குள் ரகசியம் மாதிரி இருந்த கதையைத் தோண்டித் துருவி, பேரன் வினய் குப்தா புத்தகமாக எழுதியது 2025-ல்தான். தாத்தா ஆர்டர் அடித்துக் கொடுத்து எண்பத்தேழு வருஷம் கழித்து!

குந்தன் ஏஜென்சீஸ் ஒரு நாள்கூடக் கடை திறக்கவில்லை. குந்தன் கிளாத் மில்ஸ் ஒரு முழம் துணிகூட நெய்யவில்லை. ஆனாலும், அவை நஷ்டத்தில் ஓடிய கம்பெனிகள் என்று எந்த ஆடிட்டராவது சொல்ல முடியுமா, சொல்லுங்கள்!