60-ல் எதை வெட்டுவது? போக்கிமான் டெக் கட்டுவோரின் தலைவலி

போட்டிக்கு முந்தின ராத்திரி 12 மணி. மேஜையில் 61 கார்டு. எல்லாமே வேண்டும்போலத்தான் இருக்கிறது. ஆனால், போக்கிமான் கார்டு ஆட்டத்தில் ஒரு டெக் என்றால் சரியாக 60. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எதை எடுப்பது?

புதிதாக ஆட வருபவர், 'இது நல்ல கார்டா?' என்று கேட்பார். நாலு போட்டி பார்த்தவர், 'இதை வைக்க எதை எடுக்கப்போற?' என்று கேட்பார். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் கணக்கு போட வேண்டியிருக்கிறது.

ஒன்று வைப்பதா, நாலு வைப்பதா?

அடிப்படை எனர்ஜி கார்டுகளைத் தவிர, ஒரே பெயரில் அதிகபட்சம் 4 கார்டு வைக்கலாம். ஆட்டம் தொடங்கும்போது கைக்கு வருவது 7. ஒரு கார்டை ஒன்றே ஒன்று வைத்தால், அது முதல் கையிலேயே வர சுமார் 12 சதவீத வாய்ப்பு. இரண்டு வைத்தால் 22, மூன்று வைத்தால் 32, நாலு வைத்தால் 40. கவனித்தீர்களா? முதல் கார்டு 12 சதவீதம் தருகிறது, நாலாவது கார்டு சேர்ப்பது வெறும் 8 சொச்சம்தான். அதனால் முதல் டர்னிலேயே வேண்டிய கார்டு என்றால் நாலு வைக்கலாம். எதிராளியின் பெஞ்சில் ஒளிந்திருக்கும் போக்கிமானை முன்னுக்கு இழுக்கும் 'பாஸஸ் ஆர்டர்ஸ்' மாதிரி, கடைசி கட்டத்தில் வேலை செய்யும் கார்டுக்கு இரண்டே போதும். அது சப்போர்ட்டர் வகை வேறு. ஒரு டர்னுக்கு ஒரு சப்போர்ட்டர்தான் ஆடலாம். ஆரம்பத்திலேயே மூன்று பாஸ் கையில் வந்து உட்கார்ந்தால் அழுகைதான் வரும்.

ஒற்றைக் கார்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆட்டத் தொடக்கத்தில் 6 கார்டுகள் பிரைஸாகக் கவிழ்த்து வைக்கப்படும். உங்கள் ஒற்றைக் கார்டு அதில் மாட்ட 10 சதவீத வாய்ப்பு. இரண்டு வைத்திருந்தால், இரண்டுமே மாட்டும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஒற்றையாக வைப்பது போக்கிமான் என்றால் 'அல்ட்ரா பால்' போட்டு, இரண்டு கார்டை இழந்தாவது டெக்கிலிருந்து தேடி எடுக்கலாம். ஒற்றை சப்போர்ட்டருக்கு அல்ட்ரா பால் உதவாது.

போன வாரக் கோபம்

டெக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். போன வாரம் ஒரு டெக்கிடம் அடி வாங்கியிருப்போம். அதைப் பழிவாங்க ஒரு கார்டைச் செருகுவோம். அந்த டெக்கைப் பத்தில் ஒருவர் ஆடுகிறார் என்று வையுங்கள். 8 சுற்றுப் போட்டியில் சராசரியாக ஒரு சுற்றில்கூட அதைச் சந்திக்க மாட்டீர்கள். மற்ற சுற்றுகளில் அந்தக் கார்டு வெறும் காகிதம். மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தில் 15 கார்டு சைடுபோர்டு உண்டு, முதல் ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். போக்கிமானில் அந்த வசதியே கிடையாது.

களம் முழுக்க ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் கதை வேறு. 2024 ஆகஸ்டில் ஹொனலுலுவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை சிலி நாட்டின் ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ் வென்றது 'அயர்ன் தார்ன்ஸ் எக்ஸ்' டெக்கை வைத்து. அது முன்னால் நிற்கும்வரை, ஃப்யூச்சர் வகை தவிர்த்த எக்ஸ், வி போன்ற பெரிய போக்கிமான்களின் திறன்கள் எதுவும் வேலை செய்யாது. பலமான டெக்குகள் பலவும் அந்தத் திறன்களை நம்பித்தான் இருந்தன. இங்கே ஒரு கார்டைச் செருகவில்லை, டெக்கையே களத்துக்கு எதிராகக் கட்டினார்கள்.

2024-ல் திரும்பி வந்த 'ஏஸ் ஸ்பெக்' வகையில் டெக்குக்கு ஒன்றே ஒன்றுதான் அனுமதி. 'பிரைம் கேட்சர்' சப்போர்ட்டரைச் செலவழிக்காமலே எதிராளியின் பெஞ்சிலிருந்து இழுத்துத் தரும். 'அன்ஃபேர் ஸ்டாம்ப்' எதிராளியின் கையை 2 கார்டாகச் சுருக்கி உங்களுக்கு 5 தரும். ஆனால், முந்தைய டர்னில் உங்கள் போக்கிமான் வீழ்ந்திருந்தால் மட்டுமே ஆட முடியும். முந்திப் போய் ஜெயிக்கும் டெக்குக்கு முதலாவது, அடி வாங்கிவிட்டு எழும் டெக்குக்கு இரண்டாவது.

இன்னும் முடிவாகவில்லையா? இலவசமாகக் கிடைக்கும் 'போக்கிமான் டிசிஜி லைவ்' செயலியில் அந்த டெக்கை 20 ஆட்டம் ஆடிப் பாருங்க. சந்தேகக் கார்டு கைக்கு வரும் ஒவ்வொரு முறையும், 'இதுக்குப் பதிலா வேற எது வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்?' என்று ஒரு வரி எழுதி வைங்க. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், 61-வது கார்டு எது என்று தெரிந்துவிடும்.