பழைய காரில் பாட்டு நின்றால், பழியை ரேடியோ மேல் போடாதீர்கள்

புரோட்டோன் சாகா வந்தது 1985 ஜூலையில். வீரா 1993-இல் வந்தது, பெரோடுவா கஞ்சில் 1994-இல். தோட்டப்புறத்தில் வளர்ந்த பலரிடம் "உங்கள் வீட்டின் முதல் கார் எது?" என்று கேட்டால், இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். எங்கள் ஜெராமில் இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும், ஏர்கோனும் குளிரும். பாட்டு மட்டும் ஒரு பக்கம் கரகரக்கும், அல்லது அடியோடு நின்று போயிருக்கும்.

எங்கள் வீட்டில் நிற்பது 1997-ஆம் ஆண்டு வீரா. அப்பாவுக்கு வயது 71. செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் இரண்டு நாள், ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் கோல சிலாங்கூர் வரை தனியாக ஓட்டிப் போய் வருவார். வழித்துணை வானொலிதான். காலையில் மின்னல், திரும்பும்போது ராகா. சில மாதங்களுக்கு முன்பு சத்தம் உடையத் தொடங்கியது. அப்பா ஒரு கடைக்கு எடுத்துப் போனார். அங்கே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ரேடியோ செத்துப் போச்சு, எல்லாத்தையும் மாத்தணும்" என்றார்கள். ஒன்பது அங்குலத் திரை, நான்கு ஸ்பீக்கர், ஓர் ஆம்பிளிபையர், கூலி எல்லாம் சேர்த்து 950 ரிங்கிட்.

பணத்தைவிட அப்பாவுக்கு வேறொரு கவலை. "எனக்கு டிவி வேணாம்மா. அந்தத் திருகு போதும். கண்ணு ரோட்டுல இருக்கும், கை தானா அங்க போயிடும்" என்றார்.

எனக்கு அது வெறும் பிடிவாதமாகப் படவில்லை. எதிரே லோரிகள் வரும் சாலையில், 71 வயதுக்காரர் ஒரு நிலையத்தை மாற்றுவதற்காகத் திரையில் சின்ன எழுத்தைத் தேடக்கூடாது. இருபது ஆண்டுக்கும் மேலாக விரல் பழகிய குமிழ் ஒரு பாதுகாப்புச் சாதனமும்கூட. நான் ஷா ஆலாமில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். பழுது எங்கே என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம். அதையே ஒரு சனிக்கிழமை வீராவில் செய்து பார்த்தோம்.

செலவில்லாத சோதனை

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ரேடியோவில் இடது வலதுக்கு 'பேலன்ஸ்', முன் பின்னுக்கு 'பேடர்' இருக்கும். அவற்றைத் திருப்பிச் சத்தத்தை ஒவ்வொரு மூலைக்கும் தனியாக அனுப்புங்கள். ஒரு மூலையில் மட்டும் கரகரத்தால், அந்த ஸ்பீக்கரையோ அதன் வயரையோ முதலில் சந்தேகப்படுங்கள். ரேடியோவில் விளக்கு எரிந்தும் நான்கு மூலையும் ஊமையாக இருந்தால், ரேடியோவுக்குள் இருக்கும் ஆம்பிளிபையர் பகுதியையோ அதன் பின்னால் உள்ள சோக்கெட்டையோ பார்க்க வேண்டும். விளக்கே எரியாவிட்டால் முதலில் பியூஸ். அது ஸ்டியரிங் பக்கம் உள்ள பெட்டியில் இருக்கும், பல ரேடியோக்களின் முதுகிலும் ஒன்று இருக்கும். 10 அம்பியர் பியூஸ் எரிந்தால் 10 அம்பியரையே போடுங்கள். மறுபடியும் எரிகிறதே என்று 20 போட்டால், அடுத்து எரிவது வயராக இருக்கும்.

நிலையம் பிடிக்காமல் இரைந்தாலும் உடனே ரேடியோவைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஏரியலின் அடிப்பகுதியையும், ரேடியோவின் பின்னால் அது சொருகும் இடத்தையும் பாருங்கள். ஜெராம் போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று உலோக முனைகளைச் சும்மா விடாது.

அப்பாவின் காரில் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் சரியாகப் பாடின. கரகரத்தவை முன்கதவில் இருந்த இரண்டும்தான். அப்போதே ரேடியோ உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

கதவுக்குள் நடந்தது

கதவின் உள்பலகையைக் கழற்றினோம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு மென்மையான வளையம் இருக்கும். கூம்பு முன்னும் பின்னும் அசைய அதுதான் இடம் கொடுக்கிறது. பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் அது பஞ்சு போன்ற ஃபோம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஃபோம் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ரசாயன மாற்றம் அடைந்து, விரல் பட்டாலே மாவாக உதிரும். எங்களுடையதும் அப்படித்தான் உதிர்ந்தது. பிடிப்பில்லாத கூம்பு கோணலாக ஆடி, அதன் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசுகிறது. அந்த உரசல்தான் கரகரப்பு.

மல்டிமீட்டர் இருந்தால், ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. மீட்டர் இல்லாதவர்கள் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி ஒன்றை நொடிப்பொழுது தொட்டுப் பார்க்கலாம். 'டக்' என்று கேட்டால் சுருளுக்கு உயிர் இருக்கிறது. ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் சத்தம் வராவிட்டால், கதவுக்கும் உடலுக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். கதவைத் திறந்து மூடி மடங்கும் வயர், அங்கேதான் உள்ளுக்குள் அறுந்து போகும்.

மாற்றும்போது

கம்பிச்சுருளும் காந்தமும் கூம்பும் கொண்ட இந்த அமைப்பை அமெரிக்காவில் ரைசும் கெல்லாக்கும் 1925-இல் உருவாக்கினார்கள். அடிப்படை இன்றும் அதேதான். அதனால் பழைய ரேடியோவுடன் புது ஸ்பீக்கர் தாராளமாகச் சேரும். அதே அளவு, அதே 4 ஓம், ஈரத்தைத் தாங்கும் ரப்பர் வளையம் என்று பார்த்து வாங்குங்கள். காந்தத்தின் ஆழத்தையும் அளக்க வேண்டும். கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டு அளந்தால், பின்னால் அது காந்தத்தில் இடிக்குமா என்பது தெரிந்துவிடும்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட் எண்ணில் மயங்காதீர்கள். 50 வாட் என்று எழுதிய சாதாரண ரேடியோ தொடர்ந்து தருவது ஏறக்குறைய 20 வாட்தான். ஸ்பீக்கரின் உணர்திறனைக் காட்டும் டெசிபல் எண்ணைப் பாருங்கள். அது 3 கூடுதலாக இருந்தால், பாதி சக்தியிலேயே அதே சத்தம் கிடைக்கும். பழைய ரேடியோவுக்கு அதுதான் நல்லது.

பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் இணைத்தால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தவில் சத்தம் காணாமல் போகும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழித்தெறியாதீர்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் உள்பக்கம் வராமல் தடுப்பது அதுதான். ஒட்டு காய்ந்திருந்தால் புதிதாக ஒட்டிவிடுங்கள்.

ஸ்பீக்கர் ஒரு ஜோடி, இரண்டு சோக்கெட், ஒட்டுப்பட்டை எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 130 ரிங்கிட். முன்பக்கம் முடிந்ததும் அப்பா திருகைத் திருகிப் பார்த்தார். "பாடகர் மூச்சு விடுறதுகூடக் கேக்குது" என்றார்.

ரேடியோவே போயிருந்தால்

சில நேரம் ரேடியோவே பழுதாகியிருக்கும். அப்போதும் பெரிய திரைதான் வழி என்றில்லை. பழைய ரேடியோ பெரும்பாலும் 180-க்கு 50 மில்லிமீட்டர் முகம் கொண்டது. அதே அளவில், குமிழும் புளூடூத்தும் உள்ள ரேடியோக்கள் இன்றும் விற்கின்றன. கடைக்காரரிடம் மூன்று நிபந்தனை சொல்லுங்கள்.

முதலாவது, தொழிற்சாலை வயரை வெட்டக்கூடாது. உங்கள் கார் வகைக்கான இணைப்பு சோக்கெட் தனியாகக் கிடைக்கும். அதைப் போட்டால், பழையதையே மறுபடி பொருத்த வேண்டியிருந்தாலும் ஐந்து நிமிட வேலைதான். வெட்டி முறுக்கி ஒட்டிய வயர் ஒருநாள் தளர்ந்து உடலில் தொடும்.

இரண்டாவது, மஞ்சள் வயரும் சிவப்பு வயரும். புது ரேடியோக்களில் மஞ்சளுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், நிலையங்களை நினைவில் வைப்பது அதுதான். சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டும். இரண்டும் இடம் மாறினால், காரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நிலையங்கள் அழிந்துவிடும். இரண்டையும் எப்போதும் மின்சாரம் உள்ள வயரில் சேர்த்துக் கட்டினால், சாவியை எடுத்த பிறகும் ரேடியோ பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் வண்டி உயிர் பெறாது.

மூன்றாவது, சில பழைய கார்களில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் காரின் உடலோடு சேர்ந்திருக்கும். இன்றைய ரேடியோ அதைத் தாங்காது. பழைய ரேடியோவைக் கழற்றிய பின், ஸ்பீக்கர் வயருக்கும் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். எந்த வேலைக்கும் முன்பு பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். திருட்டுத் தடுப்புக் குறியீடு கேட்கும் ரேடியோ என்றால், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேசியில் உள்ள பாட்டுதான் வேண்டும் என்பவர்கள் ரேடியோவைத் தொடவே தேவையில்லை. சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் புளூடூத் கருவி, காலியாக உள்ள எஃப்எம் அலைவரிசை ஒன்றின் வழியே பாட்டைப் பழைய ரேடியோவுக்கு அனுப்பிவிடும்.

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் நம் அப்பாக்கள், அம்மாக்கள். கடையில் "எல்லாம் போச்சு" என்றால் நம்பிவிடுவார்கள், அல்லது செலவுக்குப் பயந்து பாட்டே இல்லாமல் ஓட்டுவார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்கள் காரில் ஏறி, நான்கு மூலையையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்த மூலை ஊமை என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், அந்த ஒரு மூலைக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.