ஒரு வரி விடுபட்டால் வழி மாறும்: ரவுட்டரின் வழி அட்டவணையை வாசிப்பது எப்படி?

2008 பெப்ரவரி 24 ஆம் திகதி உலகின் பல நாடுகளில் இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் யூடியூப் கிடைக்கவில்லை. யூடியூப்பின் கணினிகளுக்குள் யாரும் புகவில்லை. கடலடிக் கேபிள் எதுவும் அறுபடவில்லை. தன் நாட்டுக்குள் யூடியூப்பைத் தடைசெய்யுமாறு பாக்கிஸ்தான் அரசு உத்தரவிட்டிருந்தது. அதற்காகப் பாக்கிஸ்தான் டெலிகொம் சேர்த்த ஒரு வரி, ஹொங்கொங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் வழியாக வெளியே போய், உலகெங்கும் உள்ள ரவுட்டர்களின் வழி அட்டவணைகளில் ஏறிவிட்டது. யூடியூப்புக்குப் போகவேண்டிய தரவு பாக்கிஸ்தானை நோக்கித் திரும்பியது.

ஒரு வரிக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? தலவாக்கலையில் வலையமைப்புப் பாடம் சொல்லும்போது இதை நான் தபாலை வைத்தே விளக்குவேன். கொழும்பில் கடிதத்தைப் பிரிப்பவருக்கு 'தலவாக்கலை' என்ற பெயர் போதும். இங்குள்ள தபாலகத்துக்குத் தோட்டத்தின் பெயர் வேண்டும். தோட்டத்துக்குள் வந்தால் எந்தப் பிரிவு, எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று தெரியவேண்டும். பல தோட்டங்களில் வீட்டுக்கு வீடு முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தோடு நின்றுபோவதும், நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்து கைக்கு வருவதும் மலையகம் அறிந்த கதை. விபரம் கூடிய முகவரியே கதவு வரை போகும்.

ரவுட்டரின் விதியும் இதுதான். ஒரு முகவரிக்குப் பல வரிகள் பொருந்தினால், மிகக் குறுகிய வட்டாரத்தைச் சொல்லும் வரியே வெல்லும். யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22, அதில் 1,024 முகவரிகள் உண்டு. பாக்கிஸ்தான் டெலிகொம் அறிவித்தது அதற்குள்ளேயே அடங்கும் 208.65.153.0/24; அதில் 256 முகவரிகள் மட்டுமே. சிறியதே வென்றது. யூடியூப் முதலில் அதே /24ஐயும், பின்னர் அதைவிடச் சிறிய இரண்டு /25களையும் அறிவித்துப் போராடியது. பிசிசிடபிள்யூ தவறான வழியை மீளப்பெற்ற பிறகே நிலைமை முழுமையாகச் சீரானது.

ஆகவே வழி அட்டவணையில் சின்ன வரி என்று எதையும் ஒதுக்க முடியாது. ஆனால் இணையத்தின் முழு அட்டவணையில் இன்று 9 இலட்சத்துக்கும் அதிகமான வரிகள் உள்ளன. ஒரு நிறுவனத்தின் உள் ரவுட்டரில்கூட நூற்றுக்கணக்கில் இருக்கலாம். கண்ணால் பார்த்து முடியாது, ஸ்கிரிப்ட்தான் வாசிக்கவேண்டும்.

சிஸ்கோ ரவுட்டரில் ஒவ்வொரு வரியும் ஓர் எழுத்தோடு தொடங்கும். சி என்றால் நேரடி இணைப்பு, எஸ் என்றால் மனிதர் கையால் சேர்த்தது, ஓ என்றால் ஓஎஸ்பிஎஃப் மூலம் அறிந்தது, பி என்றால் பிஜிபி மூலம் வந்தது. அடுத்து வலையமைப்பு முகவரி, [110/20] போன்ற இரண்டு எண்கள், அடுத்த ரவுட்டரின் முகவரி.

பார்க்க ஒழுங்காக இருந்தாலும் இது மனிதர் வாசிக்க அச்சிட்ட பக்கம். பழைய பதிப்புகளில் /24 என்பது தலைப்பு வரியில் ஒருமுறை மட்டுமே வரும்; கீழுள்ள வரிகளில் இருக்காது. ஒரே இடத்துக்குச் சமமான இரண்டு வழிகள் இருந்தால், இரண்டாவது வரியில் முகவரியே இருக்காது. வரிவரியாகப் பிரித்து வாசிக்கும் ஸ்கிரிப்ட் இந்த இரண்டு இடங்களிலும் வழுக்கும். அதுவும் சத்தமில்லாமல்.

இதற்காகவே கூகுள் உருவாக்கிய டெக்ஸ்ட்எஃப்எஸ்எம் என்ற பைத்தன் நூலகம் இருக்கிறது. எந்த வரி எப்படி இருக்கும் என்று ஒரு வார்ப்புருவில் எழுதிக் கொடுக்கவேண்டும். தலைப்பில் கண்ட மதிப்பை அடுத்த வரிகளுக்கும் நினைவில் வைத்திருக்க 'ஃபில்டவுன்' என்ற வசதி உண்டு. பொருந்தாத வரியை அது வழக்கமாகப் பேசாமல் தாண்டிவிடும். அதனால் வார்ப்புருவின் கடைசி விதியாக, அறியாத வரி வந்தால் பிழை காட்டி நிற்கும்படி எழுதுவது அவசியம். பல நிறுவனங்களின் கருவிகளுக்கான ஆயத்த வார்ப்புருக்கள் என்டிசி டெம்ப்ளேட்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிரித்தெடுத்த முகவரியை வெறும் எழுத்தாக வைத்திருக்கவும் கூடாது. எழுத்தாக வரிசைப்படுத்தினால் 10.10.0.0 முன்னாலும் 10.9.0.0 பின்னாலும் வரும். '10.1' என்று தேடினால் 10.1, 10.10, 10.100 எல்லாம் சேர்ந்து வரும். 2012இல் வெளியான பைத்தன் 3.3 முதல் உடன்வரும் 'ஐபிஅட்ரஸ்' தொகுதி, ஒரு வட்டாரம் இன்னொன்றுக்குள் அடங்குமா என்பதைச் சரியாகக் கணக்கிடும். யூடியூப் சம்பவத்தின் /24, /22க்குள் அடங்குவதை அதில் ஒரே வரியில் சோதித்துப் பார்க்கலாம்.

கருவி தரவை ஜேசன் வடிவில் தருமானால் இந்தச் சிரமமே வேண்டாம். அதையே கேட்டு வாங்குங்கள். பழைய ரவுட்டர்கள் ஓடும் இடங்களில்தான் பிரித்து வாசிக்கும் வேலை மிஞ்சுகிறது.

பழகுவதற்குச் சிஸ்கோ பெட்டி வாங்கவேண்டியதில்லை. பழைய மடிக்கணினியில் லினக்ஸும் எஃப்ஆர்ஆர் என்ற இலவச மென்பொருளும் போதும். அதன் அட்டவணையும் ஏறக்குறைய இதே வடிவில்தான் வரும். சிஸ்கோவின் அட்டவணை கையில் கிடைத்தால் என் மாணவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு எண்ணிக்கைச் சோதனை. தலைப்பு வரியிலேயே தனக்குக் கீழ் எத்தனை உபவலையமைப்புகள் உள்ளன என்று ரவுட்டர் சொல்லிவிடும். ஸ்கிரிப்ட் எடுத்த எண்ணிக்கை அதோடு பொருந்தாவிட்டால், விடுபட்ட வரியைக் கண்டுபிடிக்கும்வரை அந்த அறிக்கையை யாருக்கும் அனுப்பக்கூடாது.