இரண்டே நாளில் கோயில், காடு, கோட்டை!

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கடல் வரை ஒரு குடும்பப் பயணம்

மாசி மாதம் பிறந்தால் ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கடலுக்குப் புறப்படுகிறார். மாசி மகத்தன்று கிள்ளைக் கடற்கரையில் அவருக்குத் தீர்த்தவாரி. வழியில், தைக்கால் என்ற இடத்தில் முஸ்லிம்கள் அவரை வரவேற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் வழக்கம் இது.

சுவாமி போகும் திசையிலேயே நீங்களும் குழந்தைகளுடன் போய் வரலாம். கோயில், காடு, தீவு, பழைய துறைமுகம், இடிந்த கோட்டை எல்லாம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டு நாள் போதும். பெரிய செலவும் இல்லை.

முதல் நாள்

காலையிலேயே ஸ்ரீமுஷ்ணம் சேர்ந்து விடுங்கள். விருத்தாசலத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பஸ் உண்டு. நடுப்பகலில் கோயில் நடை சாத்தி விடுவார்கள்.

கடலுக்குள் மறைத்து வைக்கப்பட்ட பூமியை, பன்றி உருவம் எடுத்து மீட்டு வந்தவர் பூவராகர் என்பது புராணம். பெருமாள் தானாகத் தோன்றிய எட்டுத் தலங்களில் இதுவும் ஒன்று என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். நாயக்கர் காலத்து மண்டபத்தில் தூண்களின் சிற்ப வேலையை நின்று பாருங்கள். இங்கே கோரைக்கிழங்கு மாவில் செய்த பிரசாதம் விசேஷம். பன்றிக்குப் பிடித்தது கோரைக்கிழங்கு அல்லவா!

பிற்பகலில் பஸ் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டரில் சிதம்பரம். மாலையில் நடராசர் தரிசனம். இரவு அங்கேயே தங்கலாம்.

இரண்டாம் நாள்

விடிந்ததும் பிச்சாவரம் புறப்படுங்கள். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, உப்பு நீரில் நிற்கிறது இந்தக் காடு. இதற்கு அலையாத்திக் காடு என்று பெயர். மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும் கால்வாய்களில் படகு போகிறது. இடையிடையே சிறு சிறு தீவுகள். சில மரங்களின் வேர்கள் கிளையிலிருந்து இறங்கி, ஊன்றுகோல் போல் நிற்கின்றன.

இந்தக் காடு ஒரு சமயம் அழியப் பார்த்தது. ஆங்கிலேயர் காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் கடல் நீர் தேங்கி, உப்பு ஏறியது. பிறகு கன்று முளைக்கவே இல்லை.

1990-களில் வனத்துறையும், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், கிராம மக்களும் சேர்ந்து மீன் முள் போன்ற அமைப்பில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் ஏறும்போது நீர் உள்ளே வந்தது. இறங்கும்போது உப்பை அடித்துக் கொண்டு போயிற்று. கன்றுகள் நட்டார்கள். காடு துளிர்த்தது.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. கடலோர மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு கிராமம் அழிந்தது. உயிர்கள் போயின. ஆனால், காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு. மரங்கள் அலையின் வேகத்தை உடைத்து விட்டன. உலகம் போற்ற வேண்டிய ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலில், 2022-ல் பிச்சாவரமும் சேர்க்கப்பட்டது.

பரங்கிப்பேட்டையும் கடலூரும்

அடுத்தது பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் வந்து வாணிபம் செய்த துறைமுகம். 1781 ஜூலை 1-ந் தேதி ஐதர் அலியின் படையும் ஆங்கிலப் படையும் இங்கே மோதின. ஐதர் அலி பின்வாங்க நேர்ந்தது. 1830-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு ஆலை தொடங்கினார். அது நிலைக்கவில்லை.

மாலையில் கடலூர் தேவனாம்பட்டினம். இங்கே இருந்த கோட்டையை 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கும்பினியார் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எது? பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை! அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், இந்தக் கோட்டையே சில ஆண்டுகள் கும்பினியாரின் தலைமையிடம். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

அந்தக் கடற்கரையில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பீரங்கி வைத்துக் காத்த கோட்டை போய் விட்டது. மக்கள் கன்று நட்டு மீட்ட காடு இன்றும் ஊரைக் காக்கிறது.

கவனம் தேவை

தை, மாசி மாதங்கள் இந்தப் பயணத்துக்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்கள். வானிலை கேட்டுக் கொண்டு புறப்படுங்கள். படகில் ஏறினால் பெரியவர்களும் மிதவைச் சட்டை போட வேண்டும். குடிநீரும், தொப்பியும் மறக்க வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலமும் பிளாஸ்டிக் பையும் கால்வாயில் விழக் கூடாது. அந்த நீர் தடையில்லாமல் வந்து போனால்தான் காடு பிழைக்கும். காடு பிழைத்தால்தான் அதன் பின்னால் இருக்கும் வீடுகளும் பிழைக்கும்.